இரண்டு புத்தகங்களின் ஓரத்தில் ஓர் ஊர்

(கந்தர்வக்கோட்டையில் ஆசிரியர்களும் வாசகர்களும் கூடிய மாலைக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த வட்டாரத்துப் பள்ளிகளுக்குப் போகும்போது பிள்ளைகளிடம் ஊர் வரலாறு பற்றிக் கேட்பது என் வழக்கம். தஞ்சாவூர் என்றால் பெரிய கோயில் என்கிறார்கள். புதுக்கோட்டை என்றால் சித்தன்னவாசல், குடுமியான்மலை, தொண்டைமான் அரண்மனை என்று வரிசையாக வருகிறது. கந்தர்வக்கோட்டை என்றதும் கூச்சத்தோடு சிரிக்கிறார்கள். "நம்ம ஊர்ல என்ன சார் இருக்கு?" இந்தக் கேள்விக்குப் பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. நம் ஊரை எழுதியவர்கள் அதை எங்கே வைத்து எழுதினார்கள் என்று பார்த்தால் காரணம் புரிந்துவிடும்.

புதுக்கோட்டை சமஸ்தானம் தன் கதையை அக்கறையோடு எழுதிவைத்துக்கொண்ட அரசு. 1929இல் தன் எல்லைக்குள் கிடைத்த கல்வெட்டுகளைத் தொகுத்து அச்சிட்டது. கே. ஆர். வேங்கடராம ஐயர் பொறுப்பில் சமஸ்தான மேனுவல் 1938 தொடங்கி 1944 வரை பகுதி பகுதியாக வெளிவந்தது. கோயில், குளம், குடிகள், பயிர், பஞ்சம் என்று ஊர் ஊராகச் சொல்லும் புத்தகம் அது. இன்றைக்கும் புதுக்கோட்டையைப் பற்றி எழுத உட்காருகிறவர் முதலில் அதைத்தான் எடுத்து வைத்துக்கொள்கிறார். ஆனால் அந்தப் புத்தகத்தின் ஊர்கள் ஆதனக்கோட்டைப் பக்கத்தோடு முடிந்துவிடுகின்றன. ஏனென்றால் சமஸ்தானத்தின் எல்லை அங்கே முடிந்தது. கந்தர்வக்கோட்டை அப்போது தஞ்சாவூர் ஜில்லா. வெள்ளைக்காரர் நேரடியாக ஆண்ட மண்.

அப்படியானால் தஞ்சாவூர்ப் புத்தகத்தில் இருக்க வேண்டும் அல்லவா? 1883இல் வெங்கசாமி ராவ் எழுதிய தஞ்சாவூர் மேனுவலும், 1906இல் ஹெமிங்வே எழுதிய கெசட்டியரும் இருக்கின்றன. இரண்டும் காவிரியை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. கல்லணை, கொள்ளிடம், நஞ்சை, மிராசு, கிஸ்தி, பெருங்கோயில்கள். அரசாங்கத்துக்கு வருமானம் வந்த இடத்தில்தான் அதிகாரியின் பேனாவும் அதிக நேரம் நின்றது. வல்லத்துக்குத் தெற்கே செம்மண் மேடு தொடங்கிவிட்டால் அந்தப் பேனாவுக்கு அவசரம் வந்துவிடுகிறது. இப்படி ஒரு புத்தகத்தின் தொடக்கத்துக்கு முன்பாகவும், இன்னொன்றின் கடைசி ஓரத்திலுமாக நம் ஊர் விழுந்தது. 1974 ஜனவரி 14ஆம் தேதி புதுக்கோட்டை மாவட்டம் பிறந்தபோதுதான் தஞ்சாவூரிலிருந்து பிரிந்து இந்தப் பக்கம் வந்தோம். அதற்குள் புதுக்கோட்டையின் வரலாறு எழுதி முடிக்கப்பட்டிருந்தது.

இன்று நான் சொல்ல வந்தது ஒன்றுதான். இந்த ஊரின் வரலாற்றை இனி இந்த ஊர்தான் எழுத வேண்டும். அதற்கு வேண்டிய சரக்கு நம் வீடுகளிலும் கண்மாய்க்கரைகளிலும் இருக்கிறது. அதைத் தரக்கூடியவர்களின் வயது ஏறிக்கொண்டே போகிறது.

முதலில் எல்லையைப் பற்றிப் பேசலாம். தஞ்சைச் சீமையின் மேட்டுப்பகுதியில் கள்ளர் மரபினர் ஆண்ட பாளையப்பட்டுகள் தொடர்ச்சியாக இருந்தன. பாப்பாநாடு, கல்லாக்கோட்டை, பாலையவனம், சிங்கவனம் ஆகியவற்றோடு கந்தர்வக்கோட்டையும் ஒன்று. இங்கே ஆண்டவர்கள் பண்டாரத்தார் பட்டம் கொண்டவர்கள். நாவலர் ந. மு. வேங்கடசாமி நாட்டார் 1923இல் வெளியிட்ட 'கள்ளர் சரித்திர'த்தில் இந்த ஜமீன்களைப் பற்றிய செய்திகள் உண்டு. 1799இல் தஞ்சை மராட்டிய அரசு நாட்டைக் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் ஒப்படைத்தபோது இந்தப் பாளையங்களும் கம்பெனியின் கைக்குள் போயின. 1948ஆம் ஆண்டு எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் ஜமீன் முறையை முடித்துவைத்தது. அதே 1948 மார்ச்சில் புதுக்கோட்டை மன்னரும் தம் நாட்டை இந்திய அரசிடம் ஒப்படைத்தார். ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்ததும், பக்கத்து நாட்டின் ராஜா போனதும், ஊர் ஓரமாக ஓடிய சமஸ்தான எல்லைக்கோடு அழிந்ததும் ஒரே ஆண்டின் கதை என்பதை நம் பிள்ளைகளுக்கு நாம் சொன்னதே இல்லை.

எல்லை என்றால் வெறும் கோடு இல்லை. அந்தப் பக்கம் அம்மன் காசு செல்லும். புதுக்கோட்டை சமஸ்தானம் தனக்கென்று வெளியிட்ட சின்னஞ்சிறு செப்புக்காசு அது; 320 காசு சேர்ந்தால் ஒரு ரூபாய். இந்தப் பக்கம் கம்பெனி ரூபாய், பிறகு ராணி தலை போட்ட ரூபாய். அந்தப் பக்கத்து வழக்கு அந்தப் பக்கத்து நீதிமன்றத்துக்கு, இந்தப் பக்கத்து வழக்கு தஞ்சாவூருக்கு. பெண் கொடுத்து எடுத்ததும், சந்தைக்கு மாடு ஓட்டியதும், சாமிக்கு நேர்ந்துகொண்டதும் எல்லைக்கோட்டைப் பார்த்து நடக்கவில்லை. ஓர் ஊரின் மக்கள் இரண்டு அரசுகளுக்கு நடுவே எப்படி வாழ்ந்தார்கள் என்பது எந்த நாட்டு வரலாற்றாசிரியருக்கும் பெரிய விஷயம். நாம்தான் அதை விஷயமாக நினைக்காமல் விட்டிருக்கிறோம்.

தஞ்சாவூர்–புதுக்கோட்டைச் சாலையையே எடுத்துக்கொள்ளுங்கள். ரயில் வராத ஊர் நம்முடையது. அதனால் சாலைதான் நமக்கு எல்லாம். புதுக்கோட்டைப் பகுதியின் பழைய சாலைகளில் தமிழ் எண் பொறித்த மைல்கற்களை உள்ளூர்த் தொல்லியல் ஆர்வலர்கள் கண்டெடுத்து வெளியே சொல்லியிருக்கிறார்கள். சாலையை அகலப்படுத்தும்போது இப்படிப்பட்ட கற்கள் ஜல்லியோடு ஜல்லியாகப் போய்விடக்கூடும். படித்தவர் ஒருவர் நின்று பார்த்ததால் சில கற்கள் பிழைத்திருக்கின்றன.

அடுத்தது தண்ணீர். இதைக் கொஞ்சம் நீட்டித்தான் பேச வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1934 ஆகஸ்டில் மேட்டூர் அணை திறக்கப்பட்டது. அந்தத் திட்டத்தின் ஒரு பகுதியாகவே கல்லணைக் கால்வாயும் வெட்டப்பட்டது. தஞ்சாவூர், ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கத்து வானம் பார்த்த பூமி அதனால் நஞ்சையாக மாறியது. மக்கள் இன்றைக்கும் அதைப் புது ஆறு என்றே அழைக்கிறார்கள். கிழக்கே சில கல் தொலைவில் தண்ணீர் ஓடுகிறது. நம் மேட்டுக்கு அது ஏறவில்லை. நமக்கு அக்னி ஆறு உண்டு. குளத்தூர்ப் பக்கம் பிறந்து, நம் வட்டாரத்தைக் கடந்து, அதிராம்பட்டினம் பக்கத்துக் கடலில் விழும் காட்டாறு. மழை பெய்தால் ஆறு, மற்ற நாளில் மணல். ஆகவே நம் முன்னோர் நம்பியது கண்மாயையும் ஏரியையும்தான். புதுக்கோட்டை மாவட்டத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட ஏரி குளங்கள் இருக்கின்றன என்றால், ஒவ்வொன்றும் யாரோ சிலர் கூடி, சண்டை போட்டு, சமாதானமாகி, மண் சுமந்து உண்டாக்கியது என்று அர்த்தம்.

ஒரு கண்மாய் என்பது கரையும் தண்ணீரும் மட்டும் இல்லை. மேட்டிலிருந்து தண்ணீர் கொண்டுவரும் வரத்து வாரி வேண்டும். மடையும் கலிங்கும் வேண்டும். கலிங்கு வழியாக வழிந்த தண்ணீர் கீழே உள்ள கண்மாய்க்குப் போக வேண்டும். அங்கிருந்து அதற்கும் கீழே. மேலூர்க்காரன் கலிங்கில் ஒரு பலகையை உயர்த்தினால் கீழூர்க்காரன் வயல் காயும். அதனால் எந்த மடையை எப்போது திறப்பது, கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேர்ந்ததை யார் பார்ப்பது, கரை காவல் யாருக்கு, அதற்குக் கூலியாக எத்தனை மரக்கால் நெல் என்பதற்கெல்லாம் ஊர் ஊருக்கு முறை இருந்தது. கோடையில் வீட்டுக்கு ஓர் ஆள் வந்து குடிமராமத்து செய்ய வேண்டும் என்பதும் அந்த முறைக்குள் அடக்கம். இந்த வழக்கத்தை வெள்ளைக்கார அரசாங்கம் 1858இல் கட்டாய உழைப்புச் சட்டமாக எழுதி, வராதவருக்கு அபராதம் போட்டது. சட்டம் வந்தபின் வழக்கம் வலுப்படவில்லை என்பதுதான் அனுபவம். ஊரின் பொறுப்பாக இருந்தது சர்க்காரின் உத்தரவாக மாறிவிட்டது. சுதந்திரத்துக்குப் பின் கண்மாய்கள் பொதுப்பணித் துறைக்கும் ஊராட்சி ஒன்றியத்துக்கும் பிரிந்தன. அதன்பின் மோட்டாரும் ஆழ்துளைக் கிணறும் வந்தன. தன் நிலத்தில் தண்ணீர் இருக்கிறவனுக்குக் கண்மாய்க்கரைக்குப் போகும் அவசியம் குறைந்தது. 2017இல் அரசு குடிமராமத்து என்ற பழைய பெயரிலேயே ஒரு திட்டம் கொண்டுவந்தது. பெயர் திரும்பி வந்த அளவுக்கு முறை திரும்பி வரவில்லை என்பது என் கணிப்பு.

வரத்து வாரிகள் என்ன ஆயின என்பதையும் சொல்ல வேண்டும். நம் பக்கத்துக் காட்டு நிலங்களில் ஒரு காலத்தில் முந்திரி நின்றது. 1974இல் தமிழ்நாடு வனத் தோட்டக் கழகம் தொடங்கப்பட்டது. காகித ஆலைகளுக்கு வேண்டிய தைலமரம் பெரிய பரப்பில் நடப்பட்டது. தைலமரக் காட்டுக்குள் மழைநீர் வெளியேறாதபடி உயரமாக வரப்பு எடுக்கிறார்கள். அதனால் கண்மாய்க்கு வர வேண்டிய தண்ணீர் வருவதில்லை என்று விவசாயிகள் பல ஆண்டுகளாக மனுக் கொடுக்கிறார்கள், நீதிமன்றம் வரை போகிறார்கள். எந்தக் காட்டிலிருந்து எந்த வாரி வழியாக எந்தக் கண்மாய்க்குத் தண்ணீர் வந்தது என்று அறுபது வருஷத்துக்கு முன்னால் அங்கே மாடு மேய்த்தவருக்குத் தெரியும். அவர் சொல்வதை எழுதி வைத்தால் அது வரலாறு. நாளைக்கு வழக்கு மன்றத்தில் சாட்சியும்கூட.

முந்திரி என்றதும் ஆதனக்கோட்டை நினைவுக்கு வந்திருக்கும். சாலையோரம் பொட்டலங்களை அடுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அந்தப் பெண்களைப் பார்க்காமல் யாரும் புதுக்கோட்டைக்குப் போக முடியாது. கொட்டையை இரும்புச் சட்டியில் போட்டு வறுக்கும்போது தோட்டிலிருந்து எண்ணெய் கசிந்து தீப்பற்றி எரியும். சரியான பதத்தில் நெருப்பை அணைக்க வேண்டும். ஒரு நொடி தாமதித்தால் பருப்புக் கருகிவிடும். ஆறியபின் ஒவ்வொன்றாகத் தட்டி உடைத்து, தோல் நீக்குவார்கள். தோட்டு எண்ணெய் கையைப் புண்ணாக்கும். புகை கண்ணையும் நெஞ்சையும் பிடிக்கும். இயந்திரத்தில் உடைத்த வெள்ளைப் பருப்புக்கு இல்லாத வாசனை அவர்கள் பருப்புக்கு உண்டு. தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் கையில் இருந்து வரும் இந்தக் கைத்தொழிலுக்கு இதுவரை ஒரு சின்னப் புத்தகம்கூட நாம் எழுதவில்லை. உள்ளூர்க் காடு குறைந்ததால் வெளியூர்க் கொட்டையையும் நம்பி அடுப்பு எரிய வேண்டிய நிலை.

அதன்மேல் 2018 நவம்பர் 16 வந்தது. கஜா. நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிய புயல், கடலே பார்க்காத நம் ஊர்கள் வரைக்கும் வந்து தென்னையையும் பலாவையும் முந்திரியையும் சாய்த்துப் போட்டது. மின்கம்பங்கள் வரிசையாக விழுந்தன. பல ஊர்களில் மின்சாரம் வர வாரக்கணக்கானது. இதைப் பற்றிச் செய்தித்தாளில் ஏராளமாக வந்தது. எத்தனை மரம், எவ்வளவு நிவாரணம் என்ற கணக்கு அதில் இருக்கும். அந்த இரவில் யார் வீட்டு மாடியில் யாரெல்லாம் ஒதுங்கினார்கள், மறுநாள் ஜெனரேட்டர் வாடகைக்கு எடுத்துத் தொட்டியில் தண்ணீர் ஏற்றியவர்கள் யார், சாலையில் கிடந்த மரத்தை அறுத்து வழி விட்டவர்கள் யார் என்பதெல்லாம் அதில் இருக்காது. பேராவூரணியில் புயலுக்குப் பின் இளைஞர்கள் கைஃபா என்ற விவசாயிகள் அமைப்பாகச் சேர்ந்து 2019இல் பெரியகுளத்தைத் தூர்வாரினார்கள். சாய்ந்த மரங்களுக்கு நடுவே நின்றுகொண்டு, முதலில் குளத்தை எடுப்போம் என்று ஊர் முடிவு செய்த அந்தத் தருணத்தை எந்தக் கெசட்டியரும் எழுதாது.

இப்போது கொஞ்சம் சந்தோஷமான பக்கம். நம் தாலுகாவின் தச்சங்குறிச்சியை இன்று தமிழ்நாடு முழுக்கத் தெரியும். ஒவ்வோர் ஆண்டும் மாநிலத்தின் முதல் ஜல்லிக்கட்டு அங்கேதான் என்று தொலைக்காட்சிக்காரர்கள் முதல் ஆளாக வந்து நிற்கிறார்கள். 2023இல் ஜனவரி 8, 2024இல் ஜனவரி 6, 2025இல் ஜனவரி 4. வெளியூர்க்காரர்கள் கவனிக்காத ஒன்று உண்டு: இந்த ஜல்லிக்கட்டு விண்ணேற்பு அன்னை ஆலயத்தின் புத்தாண்டு, பொங்கல் விழாவையொட்டி நடப்பது. மாதா கோயில் விழாவுக்கு வாடிவாசல் திறக்கிறது. எல்லா மதத்தார் வீட்டுக் காளைகளும் அதன் வழியே வருகின்றன. 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் தடை போட்டது, 2017 ஜனவரியில் மெரினாவில் இளைஞர்கள் உட்கார்ந்தார்கள், சட்டம் திருத்தப்பட்டது, 2023 மே 18ஆம் தேதி அரசியல் சாசன அமர்வு அந்தச் சட்டம் செல்லும் என்றது. இதெல்லாம் பாடப்புத்தகத்துக்குள் வந்துவிடும். தச்சங்குறிச்சியில் அந்தத் தடைக்காலத்தில் காளையை விற்காமல் வைத்துத் தீனி போட்ட குடும்பங்கள் எவை, எதற்காக வைத்திருந்தார்கள் என்பது அந்த ஊர்ப் பிள்ளைகள் கேட்டால்தான் வெளியே வரும்.

கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம், பேராவூரணிப் பக்கத்து மொய் விருந்து பற்றி உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. ஆடி, ஆவணியில் பல பேர் கூட்டாகப் பந்தல் போட்டு, கறி விருந்து வைத்து, மொய் வாங்குகிறார்கள். வட்டி கிடையாது, பத்திரம் கிடையாது. நோட்டில் பேர், ஊர், தொகை. வாங்கியவர் திருப்பும்போது மேலே கொஞ்சம் சேர்த்துப் போடுவார். அந்தப் பணத்தில் ஆழ்துளைக் கிணறு போட்டவர்கள் உண்டு, பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்பியவர்கள் உண்டு. வங்கியில் கடன் பெறச் சொத்துக் காட்ட முடியாத விவசாயிக்கு ஊரே வங்கியாக நின்ற ஏற்பாடு இது. சுமையான பக்கமும் இதற்கு உண்டு. விளைச்சல் இல்லாத ஆண்டில் மொய் திருப்ப நகையை அடகு வைத்தவர்களையும் நாம் அறிவோம். கஜாவுக்கு அடுத்த ஆடியில் மொய் எவ்வளவு சுருங்கியது என்று அந்தப் பக்கத்து மக்கள் இன்னும் பேசுகிறார்கள். வீட்டுப் பெட்டியில் கிடக்கும் பழைய மொய் நோட்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால், எந்த ஆண்டு மழை பெய்தது, எந்த ஆண்டு வெளிநாட்டுப் பணம் வரத் தொடங்கியது, எந்த ஊரோடு எந்த ஊருக்கு உறவு இருந்தது என்பதெல்லாம் தெரிந்துவிடும். பொருளாதாரம் படிக்கும் மாணவர்கள் இங்கே யாராவது இருந்தால், தயவுசெய்து அந்த நோட்டுகளைத் தேடுங்கள். வீட்டாரின் அனுமதியோடு, பேர்களை மறைத்து எழுதுங்கள்.

பெண்களுக்கு வருகிறேன். 1991இல் இந்த மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. அப்போதைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதற்குத் தோள் கொடுத்தார். எழுத்துக் கற்றுக்கொடுக்கும் இயக்கத்தில் சைக்கிள் ஓட்டவும் கற்றுக்கொடுத்தார்கள். வெளியூர் போக ஆண் துணையையோ பஸ்ஸையோ எதிர்பார்த்து நின்ற பெண்கள், மாலையில் மைதானத்தில் விழுந்து எழுந்து பழகினார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காத இடத்தில் ஆண்கள் சைக்கிளிலேயே ஏறினார்கள். முன்பக்கக் கம்பியில் பிள்ளையை உட்கார வைக்கலாமே என்று அதையே விரும்பி எடுத்தவர்களும் உண்டு. 1992இல் மகளிர் தினத்தையொட்டி 1500க்கும் மேற்பட்ட பெண்கள் புதுக்கோட்டையில் சைக்கிளில் ஊர்வலமாக வந்தார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதை எழுதி, அது 1996இல் வெளிவந்த அவருடைய புத்தகத்தில் இடம்பெற்று, உலகமே படித்தது. குவாரியில் கூலிக்குக் கல் உடைத்துக்கொண்டிருந்த பெண்கள் குழுவாகச் சேர்ந்து குவாரியையே குத்தகைக்கு எடுத்ததும் அதே காலம்தான்.

உலகம் படித்தது, சரி. நம் தெருவில் அன்று சைக்கிள் பழகியவர்கள் யார்? அப்போது 25 வயது இருந்தவருக்கு இப்போது அறுபது. பேரப்பிள்ளையை ஸ்கூட்டியில் பள்ளிக்கு அனுப்பிவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் ஆத்தாதான் அன்றைக்கு ஊர் பார்க்கச் சைக்கிள் மிதித்தவர். அவரிடம் எந்தப் பிள்ளையும் கேட்டதில்லை. கேட்காததால் அவரும் சொன்னதில்லை.

ஊர் வரலாறு என்றால் பெருமை மட்டும் பேசுவது என்று ஒரு பழக்கம் இருக்கிறது. அந்தப் பழக்கத்துக்கு நான் உடன்படவில்லை. 2022 டிசம்பரில் வேங்கைவயலில் தாழ்த்தப்பட்ட மக்கள் குடிக்கும் தண்ணீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. நம் கந்தர்வக்கோட்டைச் சட்டமன்றத் தொகுதிக்குள் இருக்கும் ஊர். மாவட்ட ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் அங்கே போனபோது, டீக்கடையில் தனிக் குவளை இருந்ததும், அய்யனார் கோயிலுக்குள் அந்த மக்கள் போக முடியாமல் இருந்ததும் வெளியே வந்தது. விசாரணை, குற்றப்பத்திரிகை, அதற்கு எழுந்த எதிர்ப்பு என்று அந்த விவகாரம் ஆண்டுக்கணக்கில் நீண்டது. நான் சொல்ல வருவது வேறு. கண்மாய்க்கரையில் எல்லோரும் கூடி மண் சுமந்தோம் என்று சற்று முன் பேசினேன். யார் எந்த மடையில் இறங்கலாம், எந்தக் குளத்தில் யார் குடம் வைக்கக்கூடாது, மீன்பிடிக்குப் பறையடித்து அழைத்தவருக்கு மீனில் என்ன பங்கு, அய்யனாருக்கு மண்குதிரை எடுக்கும் புரவி எடுப்பில் யார் எத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும் என்பதும் அதே முறைக்குள்தான் இருந்தது. சேரித் தெருவின் பாட்டியிடமும் கேட்டு எழுதாத ஊர் வரலாறு பாதி வரலாறுகூட ஆகாது. 2011 தேர்தல் முதல் கந்தர்வக்கோட்டை தனித்தொகுதி. தொகுதி மாறிய வேகத்தில் தெரு மாறியதா என்று எழுத வேண்டியவர்கள் அந்தத் தெருவில் வளர்ந்து படித்த பிள்ளைகள்தான்.

எப்படி எழுதுவது என்று கேட்பீர்கள். இதற்கு ஒரு முன்மாதிரி இருக்கிறது. கடல் தாண்டிய நாடு, ஆனால் நமக்கு அந்நியமான கதை இல்லை.

அயர்லாந்து நெடுங்காலம் ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்த நாடு. 1845 முதல் 1852 வரை உருளைக்கிழங்குப் பயிர் அழுகிப் பெரும் பஞ்சம் வந்து, சுமார் பத்து லட்சம் பேர் இறந்தார்கள்; ஏறக்குறைய அதே அளவு பேர் கப்பலேறி அமெரிக்காவுக்கும் மற்ற நாடுகளுக்கும் போனார்கள். நம் பக்கத்துத் தாது வருஷப் பஞ்சம் 1876க்கும் 78க்கும் இடையே நடந்தது என்பதை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள். விடுதலை பெற்ற பிறகு அயர்லாந்துக்காரர்கள் ஒன்றைக் கவனித்தார்கள்: தங்கள் கிராமங்களைப் பற்றி எழுதப்பட்ட காகிதங்களில் பெரும்பகுதி அதிகாரிகளும் பண்ணையார்களும் எழுதியவை. 1935இல் அரசு ஒரு நாட்டார் வழக்காற்று ஆணையத்தை அமைத்தது. அந்த ஆணையம் 1937 முதல் 1939 வரை செய்த காரியம்தான் எனக்கு வியப்பாக இருக்கிறது. சுமார் ஐயாயிரம் தொடக்கப் பள்ளிகளில் மேல் வகுப்புப் பிள்ளைகளிடம், 11 முதல் 14 வயதுக்காரர்களிடம், நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்தது. வீட்டுப் பாடக் கட்டுரைக்குப் பதிலாக, தாத்தா பாட்டியிடமும் பக்கத்து வீட்டு முதியவரிடமும் கேட்டு எழுதி வரச் சொன்னது. ஷான் ஓ சூலவான் என்ற அறிஞர் தயாரித்த சிறு கையேட்டில் 55 தலைப்புகள் இருந்தன. ஊரின் புனிதக் கிணறு, பஞ்சத்தில் என்ன சாப்பிட்டார்கள், மழை வருவதை எப்படி அறிவார்கள், கைவைத்தியம், விளையாட்டு, சந்தை, பழைய கைத்தொழில் என்று போகும். சுமார் ஐம்பதாயிரம் பிள்ளைகள் எழுதினார்கள். ஏறக்குறைய ஏழு லட்சத்து நாற்பதாயிரம் பக்கங்கள் சேர்ந்தன. அவை டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியில் பாதுகாக்கப்பட்டு, இன்று கணினியில் யார் வேண்டுமானாலும் படிக்கும்படி இருக்கின்றன. முப்பது வீடு உள்ள ஒரு அயர்லாந்துக் குக்கிராமத்தைச் சேர்ந்தவர், அமெரிக்காவில் இருந்துகொண்டு, தன் பாட்டி பள்ளிப் பிள்ளையாக இருந்தபோது எழுதிய கையெழுத்தைத் தேடிப் படிக்க முடிகிறது.

நம்மவர்கள் இதைச் செய்யாதவர்கள் இல்லை. கர்னல் காலின் மெக்கன்சி 1821இல் இறக்கும் வரை தென்னாட்டு ஊர்களின் கதைகளைச் சேர்த்தார் என்று படிக்கிறோம். ஊர் ஊராக அலைந்து கேட்டு எழுதியவர்கள் அவரிடம் வேலை பார்த்த நம் நாட்டு உதவியாளர்கள். நா. வானமாமலையும் கி. ராஜநாராயணனும் தங்கள் மண்ணுக்கு அதைச் செய்து காட்டினார்கள். புதுக்கோட்டையில் அருங்காட்சியகக் காப்பாட்சியராக இருந்த ஜெ. ராஜா முகமது மாவட்ட வரலாறு எழுதினார். திருக்கோகர்ணத்தில் ஞானாலயா நூலகம் பா. கிருஷ்ணமூர்த்தி, டோரதி தம்பதியின் உழைப்பால் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நூல்களோடு நிற்கிறது. மாவட்டத்துக்கு இவ்வளவு இருக்கும்போது, ஒவ்வொரு ஊருக்குமான நோட்டு மட்டும்தான் குறை.

ஆகவே ஆசிரியர்களிடம் என் வேண்டுகோள் இது. ஏழாம் வகுப்பிலிருந்து ஒன்பதாம் வகுப்பு வரை, பிள்ளைக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு. பேசியவர் பேசிய மாதிரியே எழுத வேண்டும். திருத்தி இலக்கணத் தமிழ் ஆக்கக்கூடாது. சொன்னவர் சம்மதித்தால் மட்டும் பெயர், வயது, தெரு. ஒரே செய்தியை இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் இரண்டையும் எழுத வேண்டும். எது சரி என்று பிள்ளை தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. ஊரின் எல்லாத் தெருவிலிருந்தும் குறைந்தது ஒருவர் பேசியிருக்க வேண்டும். எழுதி முடித்த நோட்டு பள்ளியில் ஒரு பிரதி, கிளை நூலகத்தில் ஒரு பிரதி.

எதில் தொடங்குவது என்றால், கண்மாயில் தொடங்குங்கள். சித்திரை வைகாசியில் தண்ணீர் வற்றிய பின் முதியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வரத்து வாரி வழியே மேலே நடந்து போங்கள். எங்கே தடைபட்டிருக்கிறது, அந்த இடத்தின் பழைய பெயர் என்ன, எந்த மடைக்கு யார் பொறுப்பு, கடைசியாகக் கலிங்கு வழிந்த வருஷம் எது என்று பிள்ளைகள் குறித்துக்கொள்ளட்டும். இரண்டாவதாக அறிவொளிப் பெண்கள், மூன்றாவதாகக் கஜா இரவு. கேள்விகளின் முதல் வரைவை எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். அதில் நான் விட்டவை நிறைய இருக்கும். கூட்டம் முடிந்ததும் கலைந்துபோகாமல் கொஞ்ச நேரம் உட்காருங்கள். எந்தப் பள்ளி எந்தக் கண்மாயை எடுத்துக்கொள்கிறது என்று இன்றைக்கே எழுதிக்கொள்வோம்.